புதிய பம்பியும் பழைய லொறியும்

மட்டக்களப்பு நாட்டை இரு கூறாக வகுத்து நிற்பது அதன் வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல் பரந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இந்நீர்ப்பரப்பின் மேற்குக் கரையில் நெல் விளைகின்றது. கிழக்குக் கரையில் மக்கள் நெருங்கி வாழும் ஊர்களும் கடைகளும் சந்தைகளும் அமைந்துள்ளன. விளைந்த நெல் ஆலைக்கும் சந்தைக்கும் போய்ச் சேரவேண்டுமாயின் வாவியைக் கடந்தேயாகவேண்டும்.

முற்காலத்தில் தோணியும், பின்னர் படகுப்பாதையும் இப்பணியைச் செய்தன. மண்முனைத் துறை, குருக்கள்மடத்திற்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலான துறை, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலான துறை ஆகியவை தலைமுறை தலைமுறையாக மக்கள் கடந்த துறைகள். கல்லடியில் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரும்புப் பாலம், அக்காலத் தேசாதிபதி மனிங் என்பவரின் துணைவியார் பெயரைத் தாங்கியது. அதன் அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. மண்முனைத் துறைக்குக் குறுக்கே 2014இல் பாலம் எழுந்தபின், கொக்கட்டிச்சோலைப் பகுதியின் நெல் மூட்டைகள் படகுப்பாதைக்குக் காத்திராது லொறியிலேயே வாவியைக் கடக்கலாயின.

இங்ஙனம் நெல் சுமக்கும் லொறிகளுள் வயது முதிர்ந்தவை சில உள. இங்கிலாந்தின் பெட்போர்ட் லொறிகள் இலங்கைத் தெருக்களில் நெடுங்காலம் ஓடின; அவற்றின் உற்பத்தி பின்னாளில் முடிவுற்றது. இந்தியாவில் ஜேர்மன் நாட்டு டைம்லர் பென்ஸ் கம்பனியின் கூட்டுறவுடன் 1954 முதல் லொறி செய்த டாட்டா நிறுவனம், தன் முதல் ஏற்றுமதி வண்டியை 1961இல் அனுப்பியது இலங்கைக்கேயாகும். 1982இல் லங்கா அசோக் லேலண்ட் இந்நாட்டில் அமைக்கப்பட்டது. வண்டியின் முதுகு பழுதானால் மரத்தால் புதுப்பித்து, எஞ்சின் தேய்ந்தால் வேறொன்றை வைத்து, சட்டகம் உள்ளவரை ஓட்டுவது நம் நாட்டு வழக்கம். பழைய லொறிகளுட் பலவற்றில் சுக்கானைத் திருப்புவது சாரதியின் தோள்வலியே ஆகும். பின்னாளில் பவர் ஸ்டியரிங் பொருத்தப்பட்ட பழைய லொறிகளும் உண்டு. அவ்வாறு பொருத்திய பம்பி பழுதுற்று, அதற்குப் பதிலாக வேறொரு பம்பி பூட்டியபின் வரும் சிக்கல்களே இப்பேச்சின் பொருள்.

முதலில் பவர் ஸ்டியரிங் என்பது யாது எனக் காண்பது நன்று. அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ என்னும் கம்பனியின் லொறிப் பிரிவில் பொறியியலாளராயிருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர், பார வண்டிகளைத் திருப்பச் சாரதிகள் படும் பாட்டைக் கண்டு, எண்ணெயின் அழுத்தத்தால் சுக்கானுக்குத் துணைசெய்யும் பொறியொன்றை 1926இல் ஒரு மோட்டார் வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆயினும் அது விற்பனைக்கு வரக் கால் நூற்றாண்டு சென்றது. 1951இல் கிறைஸ்லர் கம்பனியின் இம்பீரியல் காரிலேயே அது பொதுமக்கள் கைக்கு எட்டியது.

இதன் அடிப்படை, 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதியாகும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசையிலும் பரவும் என்பது அவ்விதி. ஒரு சதுரச் சென்ரிமீற்றருக்கு 80 கிலோகிராம் அழுத்தமுடைய எண்ணெய், 50 சதுரச் சென்ரிமீற்றர் பரப்புள்ள முசலத்தைத் தள்ளுமானால், அத்தள்ளுவிசை 4,000 கிலோகிராம் பாரத்திற்கு நிகராகும். நான்கு தொன் பாரத்தைத் தள்ளும் வலியை, சாரதியின் விரல் அசைவுக்குப் பணியச் செய்வதே இப்பொறியின் திறமை.

அவ்வெண்ணெயை ஓட்டுவது பம்பி. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் அல்லது பற்சில்லு அதனைச் சுழற்றும். பம்பியின் உள்ளே நீள்வட்ட வடிவான வளையமொன்று உண்டு. அதனுள் சுழலும் உருளையின் வெட்டுகளிலே மெல்லிய தகடுகள் செருகப்பட்டிருக்கும். உருளை சுழலச் சுழலத் தகடுகள் வெளிவந்து வளையத்தை உராய்ந்து எண்ணெயை வாரி முன்னே தள்ளும். எண்ணெய் வேண்டிய அளவுக்கு மிகாதபடி ஒரு வால்வும், அழுத்தம் எல்லை கடவாதபடி ஒரு காப்பு வால்வும் காவல் செய்யும். சுக்கான் நேராக உள்ள வேளை, எண்ணெய் ஸ்டியரிங் பெட்டிக்குள் சென்று தடையின்றிக் கலத்துக்கே திரும்பும். சுக்கானைத் திருப்பியவுடன் பெட்டியிலுள்ள வால்வு வழியை ஒடுக்கி, எண்ணெயை முசலத்தின் ஒரு பக்கத்துக்கு அனுப்பும்.

இங்கே மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று உண்டு. பம்பி ஓட்டத்தையே உண்டாக்குகின்றது. அழுத்தத்தை உண்டாக்குவது எதிரே உள்ள தடை. சில்லுகள் இலகுவாகத் திரும்பினால் அழுத்தம் குறைவாயிருக்கும். கடினமாகத் திரும்பினால் அழுத்தம் ஏறும். இதனை அறியாதவரே சுக்கான் கடினமானதும் பம்பியைப் பழிப்பர்.

உதாரணமாக ஒரு சாரதியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். பெரும்போக அறுவடைக் காலம். படுவான்கரைக் களங்களில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. மழை மேகம் ஒன்று கண்டாலும் வேளாண்மைக்காரரின் நெஞ்சு பதைக்கும். லொறி சாரதியோ கடன் வாங்கி வண்டி ஓட்டுபவர். அறுவடை நாள்களில் உழைப்பதே ஆண்டு முழுவதற்கும் அவருக்குப் பிழைப்பு. அவ்வேளையில் பம்பியின் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகிற்று. கைப்பணத்தையெல்லாம் கொடுத்து, பழுது பார்த்துத் திருத்திய வேறொரு பம்பியை வாங்கி, மாலையிலேயே பூட்டிவிட்டார். மறுநாட் காலை பாரம் ஏற்றிப் புறப்பட்டால், புதிய பம்பி காட்டெருமைபோல முனகுகின்றது. சுக்கானோ முன்னிலும் கடினமாயிருக்கின்றது. பாலத்தை நெருங்கும் வளைவிலே, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வரும் நேரத்திலே, சுக்கான் ஒருமுறை இறுகி மறுபடி இளகிற்று. சாரதியின் உடல் வியர்த்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

அவர் நிறுத்தியது அறிவுடைச் செயல். எண்ணெயின் துணை அற்றுப் போனாலும் சுக்கானுக்கும் சில்லுக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. வண்டி திரும்பும், ஆனால் மிகுந்த வலி வேண்டும். எதிர்பாராது கைவிடும் துணையே அபாயமானது. ஆகவே வேகத்தைக் குறைத்து, இரு கையாலும் சுக்கானைப் பற்றி, வண்டியை ஓரங்கட்டுவதே முறை.

"ஏமாற்றிவிட்டான் கடைக்காரன், பம்பி உதவாது" என்று அவர் கராஜிலே சென்று முறையிட்டார். அங்கிருந்த முதிய மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "தம்பி, பம்பியைப் பிறகு ஏசலாம். அது குடிப்பதற்கு எண்ணெய் கிடைக்கிறதா, காற்றுக் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்போம்" என்றாராம். முனகும் பம்பிகளுட் பல இக்கேள்விக்குள் அடங்கிவிடும்.

ஆராய வேண்டிய முறை பின்வருமாறு. முதலாவது, வாங்கிய பம்பி அவ்வண்டிக்கு உரியதா என்பது. பம்பிகள் உருவத்தில் ஒன்றுபோலத் தோன்றினும், சில வலமாகவும் சில இடமாகவும் சுழலுமாறு செய்யப்பட்டவை. எதிர்த்திசையிற் சுழன்றால் எண்ணெய் செல்லாது. ஓட்டத்தின் அளவும் காப்பு வால்வின் எல்லையும் வேறுபடும். எல்லை குறைந்தால் சுக்கான் கடினமாகும். மிகுந்தால் குழாயும் சீலும் வெடிக்கும். கப்பியின் விட்டம் பெரிதானால் பம்பி மெதுவாகச் சுழன்று, எஞ்சின் மெல்ல ஓடும்போது மாத்திரம் சுக்கான் கடினமாயிருக்கும். கப்பியைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதோ பெருந் தவறு. அந்த அடி அச்சு வழியாக உள்ளே சென்று, தகடுகளையும் தாங்குதளத்தையும் சிதைக்கும். புதிய பம்பி ஓடுமுன்னே பழையதாகிவிடும்.

இரண்டாவது, பெல்ட். அது தளர்ந்தோ எண்ணெய் பட்டோ வழுக்கினால், சுக்கானை முழுவதும் திருப்பும்போது கீச்சென்ற ஒலி எழும். முனகலும் கீச்சொலியும் வெவ்வேறானவை. முன்னது எண்ணெயின் குறை, பின்னது பெல்ட்டின் குறை.

மூன்றாவது, எண்ணெய். கலத்தின் மூடியைத் திறந்து பார்த்தால் எண்ணெய் தன் கதையைத் தானே சொல்லும். நுரைத்திருந்தால் காற்றுப் புகுந்துள்ளது. பாலில் கலந்த சாயம்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் அளவிறந்த சூட்டில் வெந்துள்ளது. பளபளக்கும் துகள் மிதந்தால் பழைய பம்பி தேய்ந்த இரும்பு இன்னும் குழாய்களிற் சுற்றுகின்றது. இத்துகளைக் கழுவாமல், கலத்திலுள்ள வடியையும் மாற்றாமல் புதிய பம்பியைப் பூட்டுதல், இறந்தவனின் நோயை உயிருள்ளவனுக்கு ஊட்டுவதாகும். அவசரத்துக்குப் பிரேக் எண்ணெயை ஊற்றுவோரும் உளர். அது வேறு வகையான திரவம். பவர் ஸ்டியரிங்கின் றப்பர்ச் சீல்களை ஊதச் செய்து கெடுத்துவிடும்.

உதாரணத்திற் கண்ட லொறியின் எண்ணெய் நுரைத்திருந்தது. காற்று எங்கே புகுந்தது? வெளியே எண்ணெய்க் கசிவு ஒன்றும் இல்லையே என்று சாரதி வியந்தார். இங்கேதான் பலரும் ஏமாறுவர். கலத்திலிருந்து பம்பிக்கு வரும் குழாய் உறிஞ்சும் குழாய். பம்பி ஓடும்போது அதனுள் அழுத்தம் குறைவு. ஆகவே அதில் நுண்ணிய பிளவு இருந்தால் எண்ணெய் வெளியே வாராது; காற்று உள்ளே போகும். இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது கலத்திலுள்ள எண்ணெயின் மட்டத்தைக் குறித்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தவேண்டும். மட்டம் சட்டென உயர்ந்தால், எண்ணெயோடு கலந்து அமுங்கியிருந்த காற்று விரிந்து எண்ணெயைப் பின்தள்ளுகின்றது என்பது பொருள். சோதித்தபோது மட்டம் உயர்ந்தது. உறிஞ்சும் குழாய் பழையது. கிளிப்பின் கீழே மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று காணப்பட்டது. பம்பியை மாற்றியவர் சில ரூபா பெறும் குழாயை மாற்ற எண்ணவில்லை.

குழாய் மாற்றப்பட்டது. பழைய எண்ணெய் வடிக்கப்பட்டு, குழாய்கள் கழுவப்பட்டு, புதிய எண்ணெய் நிரப்பப்பட்டது. அடுத்தது காற்றை வெளியேற்றல். பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை இருத்தவேண்டும். எஞ்சினை ஓட்டாமலே சுக்கானை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்கு மெல்லப் பல முறை திருப்பி, குமிழிகள் அடங்கும்வரை எண்ணெயை நிறைத்து வரவேண்டும். அதன்பின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அவ்வாறே செய்தல் வேண்டும். எல்லையில் சுக்கானை அழுத்திப் பிடித்து நிற்றல் ஆகாது. அவ்வேளை காப்பு வால்வு திறந்து எண்ணெய் கொதிப்பேறும். நுரை கண்டால் எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் தெளியும்வரை காத்திருப்பதே விரைவான வழி. அவசரப்பட்டு வேகமாக ஓட்டினால் காற்று இன்னும் நுண்ணிய குமிழியாகிக் கலந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் முனகல் நின்றது. சாரதி மகிழ்ந்து புறப்பட ஆயத்தமானார். ஆனால் மெக்கானிக் விடவில்லை. சுக்கான் இன்னும் சற்றுக் கடினமாயிருந்தது. "பழைய பம்பி ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை எப்படி அனுப்புவது, தம்பி?" என்றார் அவர்.

பம்பியா, பெட்டியா, சில்லா என்று தீர்ப்பதற்கு வழி அழுத்தமானி. பம்பியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் குழாயில் அழுத்தமானியையும் ஓர் அடைப்பு வால்வையும் இணைத்து, எண்ணெய் இளஞ்சூடேறிய பின், எஞ்சின் மெல்ல ஓட, அவ்வால்வை 5 விநாடிக்கு மேற்படாமல் மூடித் திறக்கவேண்டும். செய்தவர் குறித்த அழுத்தத்தை மானி காட்டினால் பம்பி குற்றமற்றது. காட்டாவிடின் பம்பியோ அதன் காப்பு வால்வோ பழுது. சோதனையில் மானி உரிய அளவைக் காட்டிற்று. ஏசப்பட்ட பம்பி நிரபராதி என்பது தெளிவாயிற்று.

இனிப் பெட்டி. ஒரு திசையில் மட்டும் கடினமாயிருந்தால் ஸ்டியரிங் பெட்டியின் வால்வையே ஐயுறவேண்டும். ஏனெனில் வலம் இடம் என்னும் வேறுபாட்டைப் பம்பி அறியாது. இங்கே இரு திசையும் ஒன்றுபோலவே கடினமாயிருந்தன. மேலும் முன்சில்லுகள் நிலத்தைத் தொடாமல் உயர்ந்து நின்றபோதும், சுக்கானைத் திருப்பியதும் மானியின் முள் மிக ஏறியது. நிலத்தின் உராய்வும் பாரமும் இல்லாத வேளையிலும் எண்ணெயை எதிர்க்கும் தடை எது?

பெட்டியையும் சில்லுகளையும் இணைக்கும் கோலைக் கழற்றினார்கள். சுக்கான் தனியே இலகுவாகச் சுழன்றது. சில்லுகளையோ இருவர் கைகொடுத்துத் தள்ளியும் மெல்லவே அசைந்தன. குற்றம் கிங்பின்னில் இருந்தது. முன் அச்சின் இரு முனைகளிலும் சில்லுகளைத் தாங்கித் திரும்பவிடும் தடித்த உருக்குத் தண்டு அது. காலம் தவறாது கிறீஸ் வேண்டுவது. நெடுநாள் கிறீஸ் காணாதது.

மட்டக்களப்புப் பகுதியில் இக்குற்றத்துக்குத் தனிக் காரணமும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று மழை பெய்யும் மாதங்களில் படுவான்கரைத் தெருக்கள் பல நீரில் மூழ்கும். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த பெருவெள்ளத்தை அப்பகுதி மக்கள் மறந்திரார். அச்சளவு நீரில் செல்லும் லொறியின் மூட்டுகளில் நீரும் சேறும் புகும். வாவி நீரோ கடலோடு கலந்த உவர்நீர். உப்புக் காற்றும் ஓயாது வீசும். கிறீஸ் கழுவப்பட்ட இரும்பை உப்பு விரைவில் துருவாக்கும். தோள்வலியால் திருப்பிய காலத்தில், மூட்டுச் சிறிது இறுகினாலும் சாரதியின் கை அதனை உடனே உணரும். எண்ணெயின் துணை வந்தபின் அந்த அறிவிப்பு அவர் கைக்கு எட்டுவதில்லை. பம்பி தன் வலியைக் கூட்டிக் கூட்டி அந்த இறுக்கத்தை மறைத்து வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அழுத்தம் ஏறி, எண்ணெய் வெந்து, சீல் காய்ந்து, ஈற்றில் கிழிந்தது. பழைய பம்பியின் முடிவுக்குக் காரணம் இதுவே. கிங்பின்னைத் திருத்தாமற் சென்றிருந்தால் புதிய பம்பிக்கும் அதே முடிவு வந்திருக்கும். அது அடுத்த பாலத்திலோ, அடுத்த வளைவிலோ யார் அறிவார்?

அன்று முழுவதும் வேலை நடந்தது. கிங்பின்னும் அதன் புஷ்களும் மாற்றப்பட்டன. மூட்டுகளுக்கெல்லாம் கிறீஸ் ஏற்றப்பட்டது. ரயர்களின் காற்று அளந்து நிரப்பப்பட்டது. காற்றுக் குறைந்த ரயரும் சுக்கானைக் கடினமாக்கும் அன்றோ? மறுபடி அளந்தபோது மானியின் முள் முன்னைப்போல் ஏறவில்லை. சாரதிக்கு ஒருநாள் உழைப்பு நட்டம். ஆயினும் மூன்றாவது பம்பி ஒன்று வாங்கும் செலவு மிஞ்சிற்று.

இத்தொழிலில் ஈடுபடுவோர் மறவாதிருக்கவேண்டிய எச்சரிக்கை ஒன்று உளது. எஞ்சின் ஓடும்போது அழுத்தக் குழாயின் கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். காயம் சிறிதாய்த் தோன்றினும் அது கையை இழக்கச் செய்யத்தக்கது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கசிவை ஓர் அட்டைத் துண்டை நீட்டிக் காண்பதே முறை.

பழைய லொறியை ஓட்டுவோர் பெரும்பாலும் வறுமையால் அதனை ஓட்டுகின்றனர். அவர்களுக்கு ஒரு பம்பியின் விலை சிறு தொகை அன்று. ஆகவே உதிரிப்பாகம் மாற்றுமுன் காரணத்தைக் கண்டறிதல் அவர்களுக்கே மிகவும் வேண்டும். எண்ணெயின் நிறத்தைப் பார்த்தல், நிறுத்தியபின் மட்டத்தைப் பார்த்தல், பெல்ட்டைப் பார்த்தல், சில்லை உயர்த்திக் கையால் அசைத்துப் பார்த்தல் ஆகிய நான்கும் பணச் செலவற்றவை. மாரி முடிந்ததும், வெள்ளத்தில் ஓடிய வண்டிக்குக் கிறீஸ் ஏற்றுவது சில நிமிட வேலை.

மறுநாள் விடியற்காலையில் அந்த லொறி நெல் மூட்டைகளோடு பாலத்தை அடைந்தது. வாவியின்மேல் பனி படர்ந்திருந்தது; தோணிக்காரர் வலையை இழுத்துக்கொண்டிருந்தனர். எதிரே வந்த சைக்கிள்களுக்கு வழிவிட்டுச் சாரதி சுக்கானைச் சற்றே திருப்பினார். லொறி ஓசையின்றி ஒதுங்கி, எழுவான்கரையை நோக்கிச் சென்றது.